பேப்பர்க்கடை பெஞ்சு: எதை எழுதினால் படிப்பார்கள்?

பாம்பனில் 1983 முதல் 2016 வரை பேப்பர் ஏஜென்ட்டாக இருந்தேன். நடுவில் பதினோரு வருடம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் வேலையும் பார்த்தேன். இரண்டிலும் காசு பெரிதாகப் புரளவில்லை. ஆனால் யார் எந்தப் பக்கத்தை முதலில் திருப்புகிறார்கள், எதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார்கள், எதன் மேல் வடையை வைக்கிறார்கள் என்று கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கக் கிடைத்தது. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி, எழுத வருகிறவர்களுடையவை. எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: எதைப் பற்றி எழுதுவது? பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டுவிட்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வருடமாகக் கட்டுரை எழுதுகிறேன். நேரத்தின் அருமை, தன்னம்பிக்கை, மன அமைதி, பெண் கல்வி என்று இருபத்தாறு ஆகிவிட்டது. நடை நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் யாரும் கடைசிவரை படித்ததாகத் தெரியவில்லை. எந்தத் தலைப்பை எடுத்தால் வாசகர் வருவார்?
வாசகி, கீழக்கரை

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய ஐந்து கட்டுரையையும் படித்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. ஒன்றிலும் கீழக்கரையும் இல்லை.

என் கடையில் ஒரே நாளில் அதிகமாக விற்ற பேப்பர் எதுவென்று நினைக்கிறீர்கள்? இந்திரா காந்தி சுடப்பட்ட மறுநாள், ராஜீவ் காந்தி இறந்த மறுநாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த நாட்களிலும் கட்டு காலியானது உண்மைதான். ஆனால் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள். அப்போது ரிசல்ட் பேப்பரில்தான் வரும். பக்கம் பக்கமாக வெறும் நம்பர். ஒரு வாக்கியம் இருக்காது, ஒரு படம் இருக்காது, எழுத்து எறும்பு மாதிரி ஊரும். அதற்குத்தான் அடிதடி.

ஒரு வருடம் நடந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கடலுக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தார் ஒருவர். கைலி முழங்கால்வரை நனைந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. மகளுடைய நம்பரைச் சிகரெட் அட்டையின் உள்பக்கம் எழுதி மடித்து வைத்திருந்தார். "தம்பி, இந்த நம்பர் இருக்கான்னு பாரு" என்றார். நான் விரலை வைத்து இறங்குகிறேன், அவர் என் விரலையே பார்க்கிறார். நம்பர் வந்த இடத்தில் என் விரல் நின்றதும் அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஈர விரல், மை ஒட்டிக்கொண்டது. "இதுவா? இதுதானா?" என்று நாலு தடவை கேட்டார். காசு கொடுத்துப் பேப்பரை வாங்கி, படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை நெஞ்சோடு மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யார் எதை எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும், இதில் யார் தன் நம்பரைத் தேடுவார் என்று பார்ப்பேன். உங்கள் "மன அமைதி"யில் யாருடைய நம்பரும் இல்லை. எல்லோருக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் யாருக்கும் பொருந்தவில்லை.

சரி, அப்படியானால் எதை எழுதுவது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசியில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, "உம்மம்மாவுக்கு உடம்பு முடியாததால் இந்த வருடம் நாங்கள்தான் தொதல் கிண்டினோம், பதம் தப்பிவிட்டது" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு கட்டுரையிலும் இல்லாத உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தொதலின் வரலாறு என்று உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். இலங்கை, மலேசியா, இந்தோனேசியா வரைக்கும் அந்தப் பண்டம் இருக்கிறது, அது பெரிய கடல். "தொதலை அடுப்பிலிருந்து எப்போது இறக்குவது?" இது போதும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மணிக்கணக்கில் கிண்டும்போது நடுவில் ஒரு கட்டம் வருமே, அகப்பை நகராமல் சட்டியோடு இழுத்துக்கொண்டு நிற்கும், தோள்பட்டை விட்டுப்போகும், கிண்டுகிறவர் "வெந்துருச்சு, இறக்கிரலாம்" என்று கெஞ்சுவார். அங்கே இறக்கினால் மறுநாள் மாவு வாடை. அதைத் தாண்டி இன்னும் கிண்டினால்தான் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும், சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும். அதற்கும் மேலே போனால் கல். உங்கள் உம்மம்மா கண்ணால் பார்த்துச் சொன்னாரா, வாசனையை வைத்தா, அகப்பையிலிருந்து விழும் விதத்தை வைத்தா? நீங்கள் எங்கே தவறினீர்கள்? இதை உம்மம்மா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். துபாயில் பார்சலுக்குக் காத்திருக்கிறவர் படிப்பார், கல்யாணமாகி சென்னைக்குப் போய் முதல் தடவை கிண்டிச் சட்டியைத் தூக்கிப் போட்டவர் படிப்பார். கீழக்கரைப் பெண்கள் அத்தனை பேரும் படிப்பார்கள், "எங்க வீட்ல இப்படி இல்ல" என்று சொல்வதற்காகவாவது.

பாம்பன் பாலம், தனுஷ்கோடி புயல், அரிச்சல்முனை என்று நம் ஊரைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் புதிதாக எழுத என்ன மிச்சம் இருக்கிறது?
கல்லூரி மாணவர், பாம்பன்

தம்பி, நான் பல வருடம் செய்த தப்பைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

நிருபராக இருந்தபோது ஒவ்வொரு டிசம்பரும் தனுஷ்கோடிக் கட்டுரை ஒன்று அனுப்ப வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு, புயல், பயணிகளோடு கடலுக்குள் போன ரயில், கூரை இல்லாத சர்ச், ரயில் நிலையத்தில் நின்றுபோன சுவர். எழுதி எழுதிக் கை அதுவாகவே ஓடும். ஒரு வருடம் வீட்டில் விசேஷம், எழுத நேரமில்லை. போன வருடக் கட்டுரையையே எடுத்து, எத்தனையாவது ஆண்டு என்கிற எண்ணை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். அச்சில் வந்தது. அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. அது கூடப் பரவாயில்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. என் கடையில் தினமும் பேப்பர் வாங்கி வரிக்கு வரி படிக்கும் ஆட்கள் இருந்தார்கள், அதில் ஒருத்தர் கூட "இது போன வருஷம் வந்ததாச்சே" என்று சொல்லவில்லை. இரண்டு வருடமும் ஒருவரும் படிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வெட்கம் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை.

அப்புறம் ஒருநாள், கடைக்கு எதிரே அவித்த பனங்கிழங்கு விற்கும் அம்மா ஒருவர் கேட்டார். "வருஷா வருஷம் ரயிலு ரயிலுன்னு எழுதுறியாமே அப்பு. உசுரோட வந்தவுகள எங்கிட்டு உக்கார வச்சாக, அவுக என்னத்தக் கொண்டாந்தாக, அத எழுதுனியா?"

எழுதவில்லை. செத்தவர்கள் எண்ணிக்கையை எழுதினேன், பிழைத்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள், அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. புயலுக்குப் பிறகு அந்த ஊர் குடியிருக்கத் தகுதியில்லை என்று அறிவித்துவிட்டார்கள், ஜனங்கள் தீவின் மற்ற பகுதிகளுக்குத்தான் வந்தார்கள். இது எனக்குத் தெரிந்த விஷயம்தானே? தெரிந்தும் கேட்கத் தோன்றவில்லை. நாலு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில் தாழ்ப்பாள் போன ஒரு தேக்குப் பெட்டி இருந்தது, அங்கிருந்து வந்தது. அதில் அரிசி போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டி தண்ணீருக்குள் எங்கே கிடைத்தது, யார் தூக்கி வந்தார், ஏன் பெட்டியைத் தூக்கினார், இவ்வளவையும் எழுதினேன். டிசம்பர் வரை காத்திருக்காமல் ஜூன் மாதமே அனுப்பினேன். வெளியான அன்று காலை பத்து மணிக்குள் கடைக்கு ஏழு பேர் வந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் சண்டைக்கு. "அந்தப் பெட்டி அவுகளோடது இல்ல, எங்க பெரியப்பாவோடது" என்று ஒருவர். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! விஷயம் தெரியாதவர் தெரிந்துகொள்ளப் படிப்பார் என்று நாம் நினைக்கிறோம். விஷயம் தெரிந்தவர் தப்புப் பிடிக்கப் படிப்பார், அவர்தான் கடைசி வரி வரைக்கும் வருவார். அவரையும் மனதில் வைத்து விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பாலத்துக்கு வருகிறேன். 1914-இல் திறந்த பாலம், கப்பல் போக நடுவில் விரிந்து தூக்கும், உலகமே படம் எடுத்தது. அதைக் கையால் சுற்றித் திறந்தது ஆட்கள். இப்போது 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இயந்திரத்தில் நேராக மேலே எழும்புகிறது. அந்தப் பழைய லிவரைச் சுற்றியவர்களில் யாராவது உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஒரு தடவை திறக்க எத்தனை பேர், யார் முதலில் கை வைப்பது, வாடைக்காற்றில் என்ன ஆகும், கப்பல் தாண்டும்போது மாலுமிகள் என்ன கத்துவார்கள்? பாலத்தைப் பற்றி வேண்டாம், அந்தக் கையைப் பற்றி எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. புதுப் பாலம் திறக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்குள் ரயிலே இல்லை. ரயில் நிலையத்தை நம்பிப் பிழைத்தவர்கள் அந்தக் காலத்தை எப்படித் தள்ளினார்கள்? டீக்கடை, சுமைக்காரர், குதிரைவண்டிக்காரர்? எனக்கு இது சொந்த விஷயம். 1988-இல் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை என் பேப்பர் கட்டே ரயிலில்தான் வந்தது. ரயில் தாமதமானால் அன்றைக்கு ஊருக்கு நேற்றைய உலகம்தான். (பேப்பர் என்றதும் யுத்த காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசிய கட்டுகளைப் பொறுக்கி வினியோகித்த கலாம் கதையை எதிர்பார்ப்பீர்கள். அதை இந்தத் தீவில் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். நான் சொல்லப்போவதில்லை.)

என் அம்மா கடலில் பாசி எடுப்பவர். நான் பி.காம். படிக்கிறேன். எழுத ஆசை. எங்கள் வாழ்க்கையை எழுதினால் பரிதாபப்பட்டு நாலு பேர் "பாவம்" என்பார்கள், அது வேண்டாம். வேறு யாருக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும்?
வாசகி, சின்னப்பாலம்

பரிதாபம் வேண்டாம் என்கிறீர்களே, அதுவே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இந்த வாரம் எந்த வீட்டிலாவது ஐஸ்கிரீம் வாங்கியிருப்பார்கள், பேஸ்ட் வைத்துப் பல் விளக்கியிருப்பார்கள். நோன்பு திறக்கும்போது கடல்பாசி வெட்டி வைத்திருப்பார்கள். மதுரைக்குப் போனவர் ஜிகர்தண்டாவில் கடல்பாசியைக் கரண்டியால் தேடியிருப்பார். இவர்களில் எத்தனை பேருக்கு இது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்? மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர், கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட், இரண்டுமே பண்டங்களைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சரக்கு. உங்கள் அம்மா விரலில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து பிய்த்து எடுக்கிறாரே, அதன் மறுமுனை அந்த ஜிகர்தண்டா கிளாஸ் மாதிரி எத்தனையோ இடத்தில் இருக்கிறது. மறுமுனையில் இருப்பவருக்குத் தன் கிளாஸைத் திரும்பிப் பார்க்கத் தோன்றினால் போதும். பரிதாபப்பட அவருக்கு நேரமிருக்காது.

விஷயங்களாகப் பிரித்துப் பாருங்கள். கரையில் கமகமக்கும் மரிக்கொழுந்தின் பெயரை நாறுகிற பாசிக்கு யார் வைத்தது? பாசியைக் காயப்போட்டு எடை போடும்போது மண், ஈரம் என்று எவ்வளவு கழிக்கிறார்கள், அதை அம்மா ஒத்துக்கொள்கிறாரா? எந்த நாளில் கடலுக்குப் போவது, எந்த நாளில் திரும்பிவிடுவது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறார், நிலவையா, நீரின் நிறத்தையா, கச்சான் காற்றையா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆனபோது, அதற்கு முன் தீவுக்குப் போய்வந்த பாட்டிமார் என்ன செய்தார்கள்? ஒவ்வொன்றும் ஒரு தனிக் கட்டுரை. எல்லாவற்றையும் ஒன்றில் கொட்டினால் "பாசி எடுக்கும் பெண்கள்" என்று பாடப்புத்தகம் ஆகிவிடும், எனக்கே கொட்டாவி வரும்.

"பெப்சி பாசி" என்று நம் பக்கம் சொல்கிறோமே, வெளியூரில் சொல்லிப் பாருங்கள், கேட்டவர் நின்றுவிடுவார். 2000-க்குப் பிறகு அந்தக் கம்பெனி இங்கே வளர்க்கச் சொல்லிக் கொண்டுவந்ததால் வந்த பெயர். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பம், துண்டு துண்டாகக் கட்டித் தொங்கவிட்டால் 45 நாளில் அறுவடை. நம் பெண்களின் கைக்குக் கொஞ்சம் காசு வந்தது. அதே பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்துவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். தெப்பம் கட்டுகிறவர் ஒன்று சொல்வார், பவளப்பாறையைப் பார்ப்பவர் வேறொன்று சொல்வார். இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் பேசவிட்டால் நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை, படிக்கிறவர் தானாக ஒரு கட்சியில் சேர்ந்துகொள்வார். டீக்கடை பெஞ்சில் எதைப் படித்துவிட்டு இரண்டு பேர் சத்தம் போடுகிறார்களோ, அந்தப் பேப்பர்தான் மூன்றாவது ஆள் கைக்குப் போகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். எடை போடுகிறவரும் நம் ஊர்க்காரர்தான்.

தலைப்பில் "அதிர்ச்சி", "பரபரப்பு", "யாரும் சொல்லாத ரகசியம்" என்று போட்டால்தான் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். போடலாமா?
ஓய்வுபெற்ற ஊழியர், தேவிபட்டினம்

போட்டால் விற்கும் ஐயா, அதில் சந்தேகமே இல்லை. ஒருநாள் "பாம்பன் கடலில் மர்மப் பொருள்" என்று போஸ்டர் வந்தது. தட்டியில் மாட்டி ஒரு மணி நேரத்தில் கட்டு காலி. உள்ளே எட்டாம் பக்கத்தில் நாலு வரி: எங்கிருந்தோ அறுந்துவந்த மிதவை ஒன்று கரை ஒதுங்கியது. முடிந்தது.

தினமும் பேப்பர் வாங்கும் பாய் ஒருவர் இருந்தார். மறுநாளிலிருந்து போஸ்டரைப் படித்துவிட்டு என்னிடம் கேட்பார்: "தம்பி, உள்ள ஏதாச்சும் இருக்கா, இல்ல வெளியவே முடிஞ்சிருச்சா?" முடிஞ்சிருச்சு என்றால் வாங்காமல் போய்விடுவார். மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்க ஆரம்பித்தார்கள். நான் பொய் சொல்லி விற்றிருக்கலாம். அப்புறம் அடுத்த மாதச் சந்தா வசூலுக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? உள்ளே மிதவைதான் இருக்கிறது என்றால் வெளியேயும் மிதவை என்றே போடுங்கள். "அறுந்துவந்த மிதவை யாருடையது?" என்று போட்டால் கடலோரத்தில் அதற்கும் ஆள் வரும்.

தடைக்காலம் பற்றி மே மாதம் கஷ்டப்பட்டு எழுதினேன். விஷயம் முக்கியமானதுதானே, ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?
வாசகர், மண்டபம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்பது படகுக்காரருக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியவேண்டுமா? மே மாதம் அவர் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டியது மார்ச்சில்: மராமத்துக்கு என்ன செலவாகும், தச்சர் எப்போது கிடைப்பார், நிவாரணத்துக்கு எந்தக் காகிதம் வேண்டும். மே மாதம் அதே தடைக்காலத்தை மீன் வாங்குகிறவருக்கு எழுதலாம். சீலா ஏன் இந்த விலை, இப்போது சந்தைக்கு வருகிற மீன் நாட்டுப்படகில் வந்ததா, மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததா? அங்கே தடை ஜூனில்தான் ஆரம்பிக்கிறது. தடைக்காலம் ஒன்றுதான், ஆனால் ஆள் மாறினால் விஷயமே வேறு, மாதமும் வேறு. நீங்கள் படகுக்காரருக்கான விஷயத்தை மீன் வாங்குகிறவரின் மாதத்தில் எழுதிவிட்டீர்கள்.

ஆடி அமாவாசைக்கும் இதே கதைதான். வெளியூர்க்காரர் பத்து நாள் முன்பே தேடுவார். ராமேஸ்வரத்துக்காரர் அன்று காலை எந்தத் தெருவில் வண்டி விடமாட்டார்கள் என்று மட்டும் தேடுவார்.

பனை பற்றி எழுத நினைத்தேன். அதற்குள் ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். விட்டுவிடவா?
வாசகர், சாயல்குடி

அந்த ஏழெட்டுப் பேரில் பதநீர் காய்ச்சும் அம்மாவிடம் பேசியவர் எத்தனை பேர்? மரம் ஏறுகிறவரைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், கீழே அடுப்பில் வெந்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விறகு எங்கிருந்து வருகிறது, திடீர் மழையில் கருப்பட்டி கசிந்தால் யார் தலையில் விடியும், சீனி கலந்த கருப்பட்டியை நாக்கில் வைத்ததும் அவருக்கு எப்படித் தெரிகிறது? விடாதீர்கள்.

தொடர்ந்து எழுத விஷயம் கிடைக்கவில்லை. உங்களுக்கு வற்றிப் போனதுண்டா? நான் இருப்பது உள்ளடங்கிய ஊர், கடலும் இல்லை, கோயில் கூட்டமும் இல்லை.
வாசகர், ஆர்.எஸ். மங்கலம்

வற்றியிருக்கிறது, பலமுறை. அப்போதெல்லாம் எனக்குக் கை கொடுத்தது ஒரு பழைய ரிட்டர்ன் நோட்டு. விற்காத வார இதழ்களைக் கட்டித் திருப்பி அனுப்பும்போது கணக்கு எழுதும் நோட்டு அது. எந்த அட்டைப்படம் போட்ட இதழ் எத்தனை மிஞ்சியது என்று வலப்பக்கம். இடப்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று, கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதி வைப்பேன். "தண்ணி லாரி எத்தனை மணிக்கு?" "மக பேருல பட்டா மாத்த எங்க போகணும்?" "ஆவுளியாவை (கடல்பசுவை) ஏன் புடிக்கக் கூடாதுங்கிறாக?" "நம்ம ஊரு நகரை மீனுக்கு வெளியூர்ல என்ன பேரு?" யார் கேட்டார், எப்போது கேட்டார் என்றும் ஒரு குறிப்பு. ஒரே கேள்வி மூன்றாவது தடவை வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. கோடு விழுந்ததை எழுதிவிடுவேன். வலப்பக்கத்தையும் விட்டுவிடவில்லை. நடிகர் படம் போட்ட இதழே சில வாரம் கட்டுக்கட்டாகத் திரும்பிப் போயிருக்கிறது, மாதப் பலன் போட்டது ஒன்றுகூட மிஞ்சியதில்லை. அங்கேயும் நம்பர் தேடுகிற கதைதான், அங்கே அதற்கு ராசி என்று பெயர். அதற்காக ஜோசியம் எழுதக் கிளம்பிவிடாதீர்கள்.

கடல் இல்லை என்று குறைப்படுகிறீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று நாங்கள் கடற்கரையில் இருந்துகொண்டே சொல்கிறோம். அதன் கரையில் வளர்ந்த நீங்கள் விஷயம் இல்லை என்கிறீர்கள்! வண்டியை எடுத்துக்கொண்டு கரை நெடுகப் போங்கள். ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் இருக்கும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதில் தண்ணீர் போகிறது, எது தூர்ந்து கிடக்கிறது, எந்த மடைத் தண்ணீருக்கு எந்த ஊர்க்காரர் உங்கள் தாத்தா காலத்தில் அரிவாளைத் தூக்கினார்? முண்டு மிளகாய்க் களத்தில் காயப்போட்டுக்கொண்டிருக்கும் ஆளிடம், போன வருடம் எந்த மடைத் தண்ணீர் கடைசியாக வந்தது என்று கேட்டுப் பாருங்கள், அவர் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். நாற்பத்தெட்டு வேண்டாம், முதலில் மூன்று மடையை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். மாதம் 20-ஆம் தேதிக்குள் வந்தால் அடுத்த இதழில் இடம் பிடித்துத் தருகிறேன். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும், பின்பக்கத்தில் எழுதினால் அச்சுக் கோப்பவர் என்னைத்தான் திட்டுகிறார்.